சம்பளக் கார்டு வீட்டுக்காரர்கிட்ட, அடிபட்ட நாளுக்கு ஷிப்டும் போகுது

திருப்பூர் டெய்லர்:
பனியன் கம்பெனில 11 வருஷமா ஓவர்லாக் டெய்லர். சனிக்கிழமை சம்பளம் அக்கவுண்ட்ல விழும். ஏடிஎம் கார்டு எங்க வீட்டுக்காரர் பையில. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் அதே அக்கவுண்ட்தான். போன மாசம் பொண்ணுக்குப் பீஸ் கட்டக் கார்டைக் கேட்டேன். கன்னம் வீங்கிப்போச்சு. அந்த மூஞ்சியோட லைன்ல போய் உட்கார முடியல. நாலு ஷிப்ட் போச்சு. சம்பளம் குறைஞ்சதுக்கு அந்தச் சனிக்கிழமை மறுபடி அடி.

"நீதான் சம்பாதிக்கிறயே, தனியாப் போயேன்"னு எல்லாரும் சொல்றாங்க. அட்வான்ஸ் குடுக்கக் கையில ஒண்ணுமில்ல, எங்கம்மா போட்ட அஞ்சு பவுனும் அடகுல. வீடு மாமியார் பேர்ல. புகார் குடுத்தா வெளிய தள்ளிருவாங்களா?

சட்ட உதவித் தன்னார்வலர்:
அவங்க இஷ்டத்துக்குத் தள்ள முடியாதுங்க. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்துல 17ஆவது பிரிவு அதுக்குத்தான். நீங்க குடியிருக்கிற வீடு மாமியார் பேர்ல இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு உண்டுன்னு 2020ல உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு. சம்பளத்தைப் பிடுங்கறதும் உங்க நகையை அடகு வைக்கறதும் அதே சட்டத்துல பொருளாதார வன்முறை. பலருக்குத் தெரியாத ஒண்ணு: அடியால போன கூலியையும் 20ஆவது பிரிவுல கேட்கலாம். அந்த நாலு ஷிப்டுக்கு வருகைப் பதிவு இருந்தா எடுத்து வைங்க. அடுத்து அடிபட்டா ஜிஎச் போய், விழுந்துட்டேன்னு சொல்லாம நடந்ததைச் சொல்லிச் சீட்டு வாங்குங்க. பெண்கள் உதவி எண் 181க்கு போன் போட்டா, இந்தச் சட்டப்படி உதவற பாதுகாப்பு அலுவலர்கிட்ட போக வழி சொல்வாங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு.

ஈரோட்டு அக்கா:
கண்ணு, கார்டை அவசரப்பட்டு பிளாக் பண்ணிராத. நான் பண்ணினேன். பணம் வரலைன்னு தெரிஞ்ச ராத்திரிதான் எனக்குக் கை ஒடிஞ்சுது. மொதல்ல 181ல பேசு, அம்மா வீட்ல சொல்லி வை. பொண்ணோட சர்டிபிகேட், ஆதார், பாஸ்புக் மூணையும் கம்பெனில நம்பிக்கையான ஆள்கிட்ட குடு. அப்புறம் வேற பேங்க்ல புது அக்கவுண்ட் தொடங்கி, சம்பளத்தை அதுக்கு மாத்தச் சொல்லு. அதுக்கு உன் போன் நம்பரைக் குடு, அவருது வேண்டாம். எனக்கு வழக்கு முடிய ரொம்ப நாள் ஆச்சு சாமி, ஆனா கூலி கைக்கு வந்த மாசமே பொண்ணுக்குப் பால் வாங்க யாரையும் கேக்கல.

திருப்பூர் டெய்லர்:
நாலு ஷிப்டும் கம்பெனி அட்டைல இருக்கு, போட்டோ எடுத்துட்டேன். பாதுகாப்பு அலுவலரைப் போய்ப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை அரை நாள் பர்மிஷன் கேட்டிருக்கேன். கூட வேலை செய்யற அக்கா போன்ல இருந்து எழுதறேன், பதில் லேட்டானா தப்பா நெனைக்காதீங்க.