நகத்தைப் பார்த்து ஆரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிறது?

ஒட்டுசுட்டான் தொண்டர்:
ஊர்ச் சுகாதாரத் தொண்டர்களுக்கு ஒரு பக்கக் கைக்குறிப்பு தயாரிக்கிறம். வீடு வீடாப் போகேக்கை கருவி ஒண்டும் இல்லாமல் பார்க்கக்கூடியது கைநகம்தான். எதைக் கண்டால் அனுப்ப வேணும், எதை விடலாம் எண்டதில தெளிவு வேணும். இங்க அடிக்கடி காணுறது: பெண்களிட்டைக் குழிஞ்ச மெல்லிய நகம், காய்ச்சலுக்குப் பிறகு குறுக்கால ஓடுற பள்ளம், வயதான கமக்காரரிட்டை வேர்ப்பாதி வெள்ளையும் நுனிப்பாதி மண்ணிறமுமான நகம், பிள்ளைகளிட்டை வெள்ளைப் புள்ளி. வெள்ளைப் புள்ளிக்குக் கல்சியம் குளுசை வாங்கிக் குடுக்கிறதும் நடக்குது. காலபோக நெல் வேலை நேரத்தில நகச்சுற்று வேற. தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

தாதி_கிளிநொச்சி:
முதல்ல பார்க்கிற முறை. ஆளை முற்றத்து வெளிச்சத்துக்குக் கூப்பிடுங்கோ. ரோச் லைற்றின்ரை மஞ்சள் வெளிச்சத்தில வெளிறலும் தெரியாது, நீலமும் தெரியாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கியூடெக்ஸ் இருந்தால் அழிச்சுப்போட்டுப் பாருங்கோ. விரலை விறைப்பா நீட்டச் சொல்லாதேங்கோ, இரத்தம் பின்வாங்கி நல்ல நகமும் வெளிறினமாதிரித் தெரியும். கையை மடியில சும்மா வைக்கச் சொன்னால் போதும்.

அடுத்தது, எத்தனை நகத்தில எண்டு எண்ணுங்கோ. ஒண்டு ரெண்டில மட்டும் எண்டால் பெரும்பாலும் அடி, பங்கசு (பூஞ்சணம்), ஈரம் மாதிரி அந்த நகத்தோட போற விசயம். பத்திலயும் ஒரே மாதிரி இருந்தால் உடம்புக்குள்ள பார்க்க வேணும். இதுக்கு விலக்கு ஒற்றைக் கறுப்புக் கோடு. எங்கடை நிறத்து ஆக்களுக்குப் பல நகத்தில நீட்டுக் கோடு இருக்கிறது சாதாரணம். ஆனால் வளர்ந்த ஆளின்ரை ஒரே ஒரு நகத்தில புதுசா வந்து, 3 மில்லிமீற்றருக்கு மேல அகலிச்சு, அல்லது கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்கும் ஏறினால் புற்றுநோயா எண்டு பார்க்க வேணும். தோல் நோய் கிளினிக்குக்கு அனுப்புங்கோ.

மருதோண்டி, மஞ்சள் பட்ட கறையைக் கண்டு மயங்கக்கூடாது. வெளியில இருந்து பட்ட கறை வளர வளர முன்னுக்குப் போகும். அதின்ரை பின் விளிம்பு, நகம் தோலுக்குள்ள நுழையிற வளைவை அப்பிடியே ஒத்திருக்கும். அந்த வளைவைக் கண்டால் விட்டுவிடலாம்.

குறுக்குப் பள்ளம் ஒரு நாட்காட்டி மாதிரி. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் போ (Beau) எண்டவர் 1846இல எழுதின விசயம் இது. டெங்கு, நியூமோனியா மாதிரிக் கடும் நோயில நகவேர் கொஞ்ச நாள் வேலையை நிப்பாட்டும், பிறகு தொடங்கும். நின்ற இடம் பள்ளமாப் பதியும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். வேர்த்தோலில இருந்து பள்ளம் 6 மில்லிமீற்றர் தூரத்தில இருந்தால் நோய் வந்து ரெண்டு மாதம். அந்த நேரம் என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. காரணம் தெரிஞ்சு ஆள் தேறியிருந்தால் மருந்து தேவையில்லை, ஆறு மாதத்தில நகம் முழுக்கப் புதுசாகும். கை, கால், வாய்க் கொப்புள நோய் வந்த பிள்ளைகளுக்கு ஒண்டு ரெண்டு மாதத்தால நகம் வேரில இருந்து கழருறதும் இந்த வகைதான். தாய்மார் நல்லாப் பயந்துபோவினம், திரும்ப முளைக்கும் எண்டு சொல்லுங்கோ.

வெள்ளைப் புள்ளி சின்னச் சின்ன அடிபட்டு வாறது. கல்சியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நீட்டு வரம்பு வயதோட வாறது.

ஆய்வுகூடம்05:
குழிந்த நகத்துக்கு ஒரு சோதனை. கையைச் சமமாக வைத்து நகத்தின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாதாரண நகத்தில் வழிந்தோடும். கரண்டி போல் குழிந்த நகத்தில் சொட்டு நின்று ஆடும். பல விரல்களில் அப்படி நின்றால் இரும்புச்சத்துக் குறைபாட்டை நினைக்க வேண்டும். குழந்தைகளின் கால் பெருவிரலில் குழிவு இயல்பு, தானாக மாறிவிடும். சவர்க்காரத் தண்ணீரிலும் எஞ்சின் எண்ணெயிலும் நாள் முழுக்கக் கை வைப்பவர்களுக்கு, வேலை செய்யும் விரல்கள் மட்டும் குழியும்.

நகத்தை மட்டும் பார்த்து இரும்புக் குளுசை கொடுக்க வேண்டாம். முழு இரத்தக் கணக்கெடுப்பு முதலில். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்குப் பெண்களில் 12, கர்ப்பிணிகளில் 11, ஆண்களில் 13 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. அடுத்தது ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் இரத்தச் சோதனை. லீற்றருக்கு 15 மைக்கிரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்பு தீர்ந்துவிட்டது. காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும், ஆகவே தேறிய பிறகு எடுப்பது நல்லது. செங்குழியம் சிறிதாக இருந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைக் கடத்துபவராக இருக்கலாம். அவருக்கு இரும்பு கொடுப்பதால் பயனில்லை.

குளுசை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று வருபவர்களிடம் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) எப்போது குடிக்கிறார்கள் என்று கேளுங்கள். குளுசைக்கும் தேயிலைக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது வேண்டும். கல்சியம் குளுசையையும் சேர்த்து விழுங்கக்கூடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் கையிருப்பு நிரம்பாது. வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்பவர்களுக்கு, குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு ஒரு காரணம். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று டொக்டர் பார்க்கவே வேண்டும்.

குளக்கட்டு:
பாதி வெள்ளை, பாதி மண்ணிற நகத்தைப் பற்றி எழுதுறன். வவுனியாவிலயும் முல்லைத்தீவிலயும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறபடியால் இதைக் கைக்குறிப்பில பெரிய எழுத்தில போடுங்கோ.

வேர்ப்பக்கம் வெள்ளையா, நுனிப்பக்கம் சிவந்த மண்ணிறமா, நடுவில கோடு கீறினமாதிரிப் பிரிஞ்சிருக்கும். நகத்தை அமத்திப் பாருங்கோ: அந்த மண்ணிறம் மறையாது. முழு நகமும் வெள்ளையாகி நுனியில மட்டும் ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் சிவப்பு மிஞ்சினால் அது வேறை. ஈரல் நோய், இதயப் பலவீனம், நீரிழிவு எண்டு போகும், வயதிலயும் வரும்.

இதில ஒரு ஆபத்து இருக்கு. பாதி நகம் வாறது பெரும்பாலும் சிறுநீரகம் நல்லாப் பழுதான பிறகு. நகம் நல்லாயிருக்கு எண்டு ஒருத்தரையும் வீட்டில இருத்தாதேங்கோ. இந்த நோய் முதல் கட்டத்தில சலத்தில புரதத்தையும் பெரிசாக் காட்டாது, சலம் மட்டும் சோதிச்சுத் திருப்பி அனுப்பினால் தப்பிப்போகும். இரத்தத்தில கிரியேற்றினின் (சிறுநீரகம் வடிக்கிற கழிவு) கட்டாயம் பார்க்க வேணும். முடிவு வரும்வரை இடுப்பு நோவுக்கு டைக்குளோபினாக் மாதிரிச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய நோக்குளுசை வாங்கிப் போடவேண்டாம் எண்டு கையோட சொல்லிவிடுங்கோ.

ஒட்டுசுட்டான் தொண்டர்:
நன்றி அண்ணை, அது பெரிய எழுத்தில வரும். நகச்சுற்றுக்கு என்ன எழுதலாம்? ஊரில தேசிக்காயைக் குத்தி விரலில மாட்டுறதுதான் முதல் வைத்தியம்.

தாதி_கிளிநொச்சி:
ரெண்டு வகை இருக்கு தங்கச்சி. திடீரெண்டு சிவந்து வீங்கி, விண்விண்ணெண்டு குத்தினால் பற்றீரியாத் தொற்று. இளஞ்சூட்டு உப்புத் தண்ணியில 15 நிமிசம், நாளுக்கு மூண்டு நாலு தரம் விரலை வைக்கட்டும். சீழ் கட்டினால் ஆஸ்பத்திரியில திறந்து விடவேணும், வீட்டில ஊசியால குத்த விடாதேங்கோ. நீரிழிவு இருந்தாலோ, சிவப்பு கைக்கு ஏறினாலோ அண்டைக்கே அனுப்புங்கோ. புண்பட்ட இடத்தில தேசிக்காய்ப் புளி எரிக்கும், தோலை இன்னும் பழுதாக்கும்.

ஆறு கிழமைக்கு மேல இழுபடுறது மற்ற வகை. சேறு, ஈரம், சவர்க்காரம் பட்டுப்பட்டு நகத்தை ஒட்டியிருக்கிற மெல்லிய தோல் போயிடும். அதுதான் தண்ணி உள்ளுக்குப் போகாமல் இருக்கிற அடைப்பு. போனால் ஈரம் உள்ளுக்கு நிண்டு பங்கசும் சேரும். பங்கசு மருந்து மட்டும் பூசி மாறாது, கையை உலர வைக்கிறதுதான் முக்கால்வாசி வைத்தியம். றப்பர் கையுறைக்குள்ள பருத்திக் கையுறை போடச் சொல்லுங்கோ. வீக்கத்தைக் குறைக்கிற களிம்பு டொக்டர் எழுதுவார். நகத்தடித் தோலைக் கிள்ளுறது, வெட்டுறது ரெண்டையும் நிப்பாட்ட வேணும்.

ஆய்வுகூடம்05:
கேள்வியில் வராத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரல் நுனி தடித்து, நகம் மணிக்கூட்டுக் கண்ணாடி போல் கவிழ்ந்திருப்பது. இரு கையிலும் ஒரே விரலை எடுத்து, நகத்தோடு நகம் பொருந்த முதுகை ஒட்டி வையுங்கள். வேர்ப் பக்கத்தில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரிந்து, அதனூடாக வெளிச்சம் வர வேண்டும். இடைவெளி மூடியிருந்தால் விரல் தடித்துவிட்டது. தென்னாபிரிக்க இதய மருத்துவர் ஷாம்ரொத் 1976இல் எழுதிய சோதனை இது. பிறவியிலேயே, குடும்பத்திலேயே அப்படி இருப்பவர்களும் உண்டு, அதனால் எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். பீடி, சுருட்டுக் குடிப்பவருக்குப் புதிதாக வந்தால் "புகையால் வந்த இழுப்பு" என்று விடக்கூடாது. நாட்பட்ட இழுப்பு நோய் மட்டும் விரலைத் தடிக்கச் செய்யாது. நுரையீரலில் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க, நெஞ்சு எக்ஸ்றே அந்தக் கிழமையே எடுக்க வேண்டும்.