‘சாய்ந்திருந்தார்’ என்று எழுதியது பிழையா?

கேள்வி (திருப்புல்லாணி):
வணக்கம். மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிய கட்டுரையில் ஒரு மாணவி, ‘கடலரசனிடம் வழிவேண்டி இராமர் தர்ப்பைப் புல்லின்மேல் மூன்று இரவுகள் சாய்ந்திருந்தார்’ என்று எழுதியிருக்கிறாள். அது பொருந்தவில்லை என்று மனம் சொல்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை. ‘சற்றுச் சாய்ந்துவிட்டு வருகிறேன்’ என்று தாத்தா சொன்னால் படுக்கத்தானே போகிறார் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள்.

மறுமொழி (கீழக்கரை):
ஐயா, நேராக இருப்பது ஒரு பக்கமாக விலகுவதே சாய்தல். ஆளைப் பற்றிச் சொல்லும்போது சுவரோ தூணோ திண்டோ ஏதேனும் ஒரு சாய்மானம் உடன் நினைவுக்கு வருகிறது. சாய்வு நாற்காலியில் முதுகுதான் சாய்ந்திருக்கிறது. ஆள் உட்கார்ந்துதான் இருக்கிறார். தாத்தா சொல்வது, பட்டப்பகலில் தூங்கப்போவதாகச் சொல்லக் கூசுகிறவர்களின் நாகரிகம் (என் தந்தையாரும் இந்த வகைதான்). பெருமாள் கோலங்களை நின்ற, இருந்த, கிடந்த என்றுதான் பிரிக்கிறோம். தர்ப்பசயன இராமர் கிடந்த கோலம்.

மறுமொழி (பாம்பன்):
மேலே சொன்னது முழுவதும் சரியன்று. காற்றில் சாய்ந்த வள்ளம் நிமிர்ந்துவிடும். ஆனால் 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றிப் பேசும்போது ‘மரங்கள் சாய்ந்தன’ என்றால் அவை விழுந்தே போயின என்றுதான் பொருள். ஆகவே சாய்தலுக்குத் தரைவரை இடமுண்டு. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது: சாய்தல் என்பது நிலை மாறும் அசைவு, கிடத்தல் என்பது அசைவு முடிந்தபின் நீடிக்கும் நிலை. ‘பனை சாய்ந்து கிடக்கிறது’ என்னும்போது இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன. மூன்று இரவு நீடித்த நோன்புக்குக் ‘கிடந்தார்’ என்பதே பொருந்தும்.

இன்னொன்று: தானாகச் சாய்வது ‘சாய்ந்தது’, பிறிதொன்றைச் சாய்ப்பது ‘சாய்த்தது’. தலைசாய்த்தல், செவிசாய்த்தல் ஆகியவை இரண்டாம் வகை. பொழுது சாய்வதால் சாயங்காலம் வந்தது என்று சிலர் கற்பிப்பது பிழை. அது ‘சாயம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கையைத் தலையணையாக்கி இராமர் படுத்திருந்ததாக வால்மீகி சொல்வதால், அவளுடைய சொல்லை முற்றிலும் நீக்காமல், ‘தம் கைமேல் தலைசாய்த்து மூன்று இரவுகள் கிடந்தார்’ என்று திருத்திக் கொடுத்தேன். தாத்தாவின் வாக்கியத்தில் கைவைக்கவில்லை.