வி.யு.ஜே.ல 4 மி.மீ. கல்லு

கார்த்தி: மச்சானோட ஸ்கேன் ரிப்போர்ட் வந்துருச்சு. "இடது வி.யு.ஜே.யில் 4 மி.மீ. கல், லேசான ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ்"னு போட்டிருக்கு. சித்தப்பா, கொஞ்சம் பாருங்க

மோகன் சித்தப்பா: பாத்தேன். கல்லு இப்போ கிட்னில இல்லடா, கடைசி வாசப்படிக்கு வந்துருச்சு. கிட்னிலருந்து பிளாடருக்கு, அதாவது மூத்திரப்பைக்கு வர்ற குழாய்தான் யூரிட்டர், சுமார் 25 செ.மீ. நீளம். அதுல மூணு எடம் குறுகல்: கிட்னிய விட்டுக் கிளம்புற எடம், இடுப்புல பெரிய ரத்தக்குழாயத் தாண்டுற எடம், பிளாடருக்குள்ள நுழையுற எடம். மூணாவதுதான் வி.யு.ஜே. இருக்கறதுலயே அதான் ரொம்பக் குறுகல்

சுந்தரி பெரியம்மா: ஹைட்ரோன்னு என்னமோ இருக்கே, கிட்னி கெட்டுப்போச்சா தம்பி?

மோகன் சித்தப்பா: இல்ல அண்ணி. கீழ அடைச்சா மேல யூரின் தேங்கும், அவ்ளோதான். அதுல கிட்னியும் யூரிட்டரும் லேசா வீங்கியிருக்கு. வி.யு.ஜே.யைப் பாக்க பிளாடர் நிறைய தண்ணியோடதான் ஸ்கேன் எடுப்பாங்க. பிளாடர் நிறைஞ்சிருந்தாலே கிட்னி கொஞ்சம் வீங்கின மாதிரி தெரியும். அதனால யூரின் போய்ட்டு வரச் சொல்லி இன்னொரு தடவை பாப்பாங்க

கார்த்தி: நேத்து முதுகுல வலி. இன்னிக்கு வலி தொடை இடுக்குக்கு எறங்கிருச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை பாத்ரூம் ஓடுறாரு, ரெண்டு சொட்டுதான் வருது

மீனா அக்கா: கல்லு எறங்குற வழியிலேயே வலியும் எறங்கும். யூரிட்டர் சும்மா ஒரு பைப் இல்ல, தசைக்குழாய். நிமிஷத்துக்குச் சில தடவை சுருங்கி யூரினைத் தள்ளும். அதனாலதான் படுத்திருந்தாலும் யூரின் பிளாடருக்குப் போகுது. கல்லுக்கு மேல தேங்குனா இன்னும் முக்கித் தள்ளும், அதான் வலி விட்டு விட்டு வருது. பிளாடர் வாசல்ல கல்லு உரசுறதால, நிறையாமலே நிறைஞ்ச மாதிரி தோணும்

கார்த்தி: கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற ரத்த டெஸ்ட்ல கிரியேட்டினின் 1.0, நார்மல்தான். அப்ப கவலையில்லல்ல?

மோகன் சித்தப்பா: அத மட்டும் நம்பாத. ரெண்டு கிட்னியும் சேந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, 99 சதவீதத்த ரத்தத்துக்கே திருப்பிக் குடுத்துரும். வெளிய வர்றது ஒன்றரை, ரெண்டு லிட்டர்தான். ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு சமாளிக்கும். மொத்த வேலைல பாதி கொறையற வரைக்கும் கிரியேட்டினின் நார்மலாவே நிக்கலாம்

செந்தில்: ரெண்டு பீர் குடிச்சா வந்துரும்னு சொல்றாங்களே 😄

மீனா அக்கா: வாய மூடு செந்தில். வலி உச்சத்துல இருக்கும்போது பீர் மட்டுமில்ல, தண்ணியக் கூட லிட்டர் கணக்குல ஊத்தக் கூடாது. அடைப்புக்கு மேல அழுத்தம் ஏறி வலி கூடும். வலி அடங்கினப்புறம் நாள் முழுக்கப் பிரிச்சுக் குடிக்கணும். யூரின் 2.5 லிட்டர் போற அளவுக்கு. குடிச்சத எண்ணாதீங்க, போனத எண்ணுங்க. வெயில்ல வேர்வையா போறது கணக்குல வராது

மீனா அக்கா: இன்னொண்ணு. வலி மாத்திரை டைக்ளோவுக்கு வலி கேக்கும், ஆனா மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க. அது கிட்னி வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவர்ற சின்னக் குழாயச் சுருக்கும். வாந்தி எடுத்து ஒடம்புல தண்ணி கொறஞ்சிருந்தா, இல்ல ஏற்கெனவே கிட்னில கோளாறு இருந்தா, ஆபத்து

லலிதா அத்தை: பாலை நிறுத்திராதீங்க கார்த்தி. பால்ல இருக்குற கால்சியம், கல்லு உண்டாக்குற ஆக்சலேட்டைக் குடல்லயே புடிச்சு வெளிய தள்ளிரும். கொறைக்க வேண்டியது உப்பு. சோடியம் கூடுனா யூரின்ல கால்சியமும் கூடும். ஊறுகாய், அப்பளம் ரெண்டும் ஓரமா வைங்க. பசலக்கீரையும் கொஞ்ச நாளைக்கு வேணாம்

சுந்தரி பெரியம்மா: வாழைத்தண்டு ஜூஸ்?

லலிதா அத்தை: குடிக்கட்டும் அண்ணி, தண்ணி கணக்குல சேத்துக்கலாம். உப்புப் போடாம

கார்த்தி: ஆபரேஷன் வேணுமா சித்தப்பா?

மோகன் சித்தப்பா: 4 மி.மீ. பெரும்பாலும் தானா வந்துரும், சில வாரம் ஆகலாம். ஆனா குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா ராத்திரியா இருந்தாலும் கெளம்பு. அடைச்ச கிட்னில கிருமி சேந்தா, சில மணி நேரத்துலயே ரத்தத்துல பரவிரும். அப்போ மொதல்ல டி.ஜே. ஸ்டென்ட்னு ஒரு மெல்லிய குழாய யூரிட்டருக்குள்ள வெச்சு வழி திறப்பாங்க, கல்லு அப்புறம்தான். யூரினே போகலைன்னாலும், வாந்தி நிக்கலைன்னாலும் அதே மாதிரி ஓடு

மீனா அக்கா: யூரினை டீ வடிகட்டில வடிகட்டச் சொல்லு. கல்லு விழுந்தா கழுவிக் காயவெச்சு ஒரு டப்பால போட்டு லேப்ல குடுங்க. என்ன கல்லுன்னு தெரிஞ்சாதான் அடுத்தது வராம தடுக்க முடியும்

சுந்தரி பெரியம்மா: புதுசா ஒரு வடிகட்டி வாங்கு கார்த்தி. என் வீட்டுதைத் தொடாத