புதுப்பிப்பு: பெற்றோருக்கான மாலைநேர ஏற்பாடு நல்லபடியாக நடந்தது

போன மாதம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். கைக்குழந்தையோடு போய்ப் பிரசங்கம் பாதிகூடக் காதில் விழாதபோது ஆலயத்துக்கு ஏன் போக வேண்டும்? சபையார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, பெற்றோர் மூன்று மணி நேரம் வெளியே போய்வர எப்படி ஏற்பாடு செய்வது?

சனிக்கிழமை நடத்திவிட்டோம். 11 பிள்ளைகள். எந்த அறையிலும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதைக் கறாராகக் கடைப்பிடித்தோம். ஒவ்வாமை, மருந்து, தொலைபேசி எண், அழைத்துப்போக வருபவர் யார் என்பதெல்லாம் முன்பே எழுதி வாங்கினோம். கைக்குழந்தைகளையும் ஏழு வயதுக்காரர்களையும் ஒன்றாக விட்டதுதான் தவறு. அடுத்த முறை தனித்தனி அறை.

நானும் கணவரும் சும்மா நடந்தோம். வெகுநாளைக்குப் பிறகு ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடித்தோம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்கிற பைபிள் வசனத்தை (எபிரெயர் 10:25), பிரசங்கம் கேட்கும் கடமையாகவே எடுத்திருந்தேன். அதற்கு முந்தைய வசனமோ அன்புக்கும் நற்செயலுக்கும் ஒருவரையொருவர் ஏவிவிடச் சொல்கிறது. என் மகளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்த பாட்டியின் பெயர்கூட அதுவரை எனக்குத் தெரியாது. இந்த ஞாயிறு அவர் தன் பக்கத்தில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.