டான் ஃபாக்ஸ் தோற்கடித்தாரா? அந்த ஒரு உதை

கரிசல்காடு: நேற்று நம் மன்றத்தின் ரக்பி லீக் திரியில் ஒருவர், "டான் ஃபாக்ஸா? கோல் கம்பத்துக்கு நேர் எதிரே நின்று உதையைத் தவறவிட்டுத் தன் அணியான வேக்ஃபீல்டைத் தோற்கடித்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இங்கிலாந்தில் ஷார்ல்ஸ்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்து, முதலில் ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ் அணிக்காக 162 டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்து எடுக்கும் புள்ளி) போட்ட மனிதர் அவர். 1968 மே 11, லண்டன் வெம்ப்ளியில் வேக்ஃபீல்டுக்கும் லீட்ஸுக்கும் சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டம். மைதானத்தில் குளம் போலத் தண்ணீர். "தண்ணீர் தெறித்த ஆட்டம்" என்றே அதற்குப் பெயர்.

மழைக்காகம்: அந்த வரி என்னுடையதுதான். மாற்ற மாட்டேன். லீட்ஸ் 11, வேக்ஃபீல்ட் 10. கடைசி நிமிடத்தில் வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் கம்பத்துக்கு நடுவிலேயே டிரை போட்டுக் கொடுத்தார். கன்வர்ஷன், அதாவது டிரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே அடிக்கும் கூடுதல் உதை, விழுந்தால் 2 புள்ளி, 12–11, கோப்பை. நேர் எதிரே. கோணம் கிடையாது.

கரிசல்காடு: நேர் எதிரே என்பதையே பிடித்துத் தொங்குகிறீர்கள். காலுக்குக் கீழே என்ன இருந்தது? ஆட்டத்துக்கு முன்பே இடிமழை, நடுவிலும் கொட்டியது. தோல் பந்து ஊறிக் கனத்துக் கிடந்தது. அந்தச் சேற்றில் ஊன்றிய கால் நிற்குமா? பந்து வலப்பக்கம் போனது, அவர் அப்படியே மண்டியிட்டுவிட்டார். வர்ணனையில் எடி வேரிங்கே "பாவம்" என்றார்.

பழையரசிகன்: மழை இரண்டு அணிக்கும்தானே பெய்தது? லீட்ஸுக்கு பெவ் ரிஸ்மன் அதே தண்ணீரில் 4 கோல் உதைத்தார்.

கரிசல்காடு: ஃபாக்ஸும் அதே தண்ணீரில் 2 கோல் உதைத்தார் ஐயா. அது கணக்கில் வராதா? லீட்ஸுக்கு மொத்தமே ஒரு டிரைதான். அதுவும் எதிரணி விதி மீறித் தடுத்ததென்று அட்கின்சனுக்கு நடுவர் கொடுத்த பெனால்டி டிரை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழி எல்லாம் ஒரு மனிதர் தலையில்.

மழைக்காகம்: இப்போது நடுவர் மேலா? போன மாதம் லீட்ஸ் ஆட்டக்காரர் ராப் பரோ பற்றிய திரியிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். நேர் எதிரே இருந்தாரா இல்லையா?

கரிசல்காடு: பரோ திரியில் 1.65 மீட்டர் உயரத்தைக் கிண்டல் செய்தது நீங்கள். நான் மறக்கவில்லை. சரி, அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் டாட் கோப்பை யாருக்குப் போனது? டான் ஃபாக்ஸுக்கு. தோற்ற அணியில் இருந்தும் அவருக்குத்தான்.

பழையரசிகன்: அந்த உதைக்கு முன்பே ஓட்டு போட்டு முடித்துவிட்டார்கள். பிறகு போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கரிசல்காடு: அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த ஒரு உதை வரைக்கும் மைதானத்தில் அவரைவிடச் சிறந்தவர் யாரும் இல்லை. எண்பது நிமிட உழைப்பைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கடைசி உதையை மட்டும் வைத்துக்கொள்வது அநியாயம்.

நெய்தல்: டானின் தம்பி நீலும் வேக்ஃபீல்ட் ஆட்டக்காரர்தான், அன்று காயத்தால் ஆடவில்லை. அவர் இருந்திருந்தால் அவர்தான் உதைத்திருப்பார். வாழ்நாளில் 6,220 புள்ளி எடுத்தவர். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார். அப்புறம், அது "ஃபாக்ஸ்" இல்லை, "பாக்ஸ்". தமிழில் ஆய்த எழுத்தை இப்படி இழுக்காதீர்கள்.

கரிசல்காடு: பெயரை நான் எப்படி எழுதினால் உங்களுக்கு என்ன? "பாக்ஸ்" என்றால் பெட்டி. நீல் கண்ணை மூடிப் போட்டிருப்பார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதே சேறு, அதே பந்து.

நெய்தல்: ஃபாக்ஸ், பாக்ஸ் இரண்டும் நரிக்கு ஆகும். சூழலில் புரியும்.

பழையரசிகன்: எழுத்துச் சண்டையை வேறு திரியில் போடுங்கள். வேக்ஃபீல்ட் ஒரு வாரத்துக்கு முன்புதான் ஹல் கே.ஆர். அணியை 17–10 என்று வென்று லீக் சாம்பியன் ஆனது. லீக், கோப்பை என்ற இரட்டை வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் நழுவியது. ரசிகனுக்குக் கோபம் வராதா?

கரிசல்காடு: கோபம் வரட்டும். ஆனால் 2008இல் அவர் இறந்தபோதும் அந்த உதையைத்தான் பேசினார்கள். 162 டிரை யாருக்கும் நினைவில்லை. நாற்பது வருடம் ஒரு மனிதர் அதைச் சுமந்தாரே, உங்களுக்கு உறைக்கவில்லையா?

மழைக்காகம்: உறைக்கிறது. ஆனாலும் நேர் எதிரேதான் இருந்தார்.

கரிசல்காடு: தண்ணீருக்குள் இருந்தார்.

நெய்தல்: பாக்ஸ்.