1031-இல் வரி தள்ளிப்போனது, நட்டமும் கூடவே போனது

டாலஸ் வாசி:
டாலஸ் அருகே எட்டு ஆண்டுகள் வாடகைக்கு விட்டிருந்த வீட்டை 2022 மார்ச்சில் விற்றேன். எங்கள் வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியது. அதனால் தேய்மானத்தால் வந்த வாடகை நட்டத்தில் ஒரு டாலரைக்கூடச் சம்பளத்தில் கழிக்க முடிந்ததில்லை. (1,00,000-க்குள் இருந்தால் 25,000 வரை கழிக்கலாம், அதற்கு மேல் சலுகை கரைந்துகொண்டே போகும்.) கழிக்க முடியாத நட்டத்தைக் கணக்கு வைக்கும் படிவம் 8582-இல் ஆண்டுதோறும் எழுதி எழுதி 38,000 சேர்ந்துவிட்டது. விற்கும் ஆண்டில் அத்தனையும் கைக்கு வரும் என்று கேட்டிருந்தேன். கூடவே 1031 எக்ஸ்சேஞ்சும் (விற்ற பணத்தில் வேறொரு வாடகை வீடு வாங்கி வரியைத் தள்ளிப்போடுவது) செய்தால் ஆதாயத்துக்கும் இப்போது வரியில்லை. என்ன அழகான மனக்கணக்கு!

கணக்காளர் சிரித்துவிட்டார். "நீங்கள் விற்றதற்கு வரியே கட்டவில்லையே, நட்டத்தை மட்டும் எப்படி விடுவார்கள்?" ஆதாயம் முழுவதற்கும் வரி கட்டி, உறவல்லாத ஒருவருக்கு விற்றால்தான் தேங்கிய நட்டம் மொத்தமாக விடுபடும். என் 38,000 ஆஸ்டினில் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

நியூஜெர்சி அண்ணாச்சி:
எனக்கு நேர்மாறு, தம்பி. அக்டோபர் கடைசியில் விற்றேன். மாற்று வீடு எது என்று 45 நாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறு, நன்றி நவிலல் நாள் எதையும் கழிக்க மாட்டார்கள். பார்த்த வீடெல்லாம் கைநழுவியது. கெடு முடிந்ததும், விற்ற பணத்தை இடையில் வைத்திருந்த நிறுவனம் டிசம்பரிலேயே அதைத் திருப்பித் தந்தது. ஆதாயத்தில் முன்பு கழித்த தேய்மானத்தின் பங்குக்கு 25 சதவீதம் வரை வரி என்றதும் வயிறு எரிந்தது. ஆனால் ஏழு ஆண்டு நட்டம் அதே ரிட்டர்னில் கழிந்ததால், கட்டிய தொகை நான் பயந்ததில் பாதிகூட இல்லை. வீடு கிடைக்காததற்கு வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கியது தனிக்கதை.

சியாட்டில்:
டிசம்பரில் விற்பவர்கள் இதையும் பாருங்கள். வாங்கி முடிக்க 180 நாள் என்பார்கள். அந்த ஆண்டின் வரி ரிட்டர்ன் கெடு (நீட்டிப்பு வாங்கியிருந்தால் நீட்டிய கெடு) முன்னால் வந்தால் அதுதான் எல்லை. எனக்கு மாற்று வீட்டின் கிரயம் மே மாதம். ஏப்ரல் 10-இல் ரிட்டர்னில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். பணத்தை வைத்திருந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி தற்செயலாக அழைத்துக் கேட்டார்: "கால நீட்டிப்புப் படிவம் 4868 போட்டாயிற்றா?"