மரக் கோப்பையில் முடிச்சு வளையம்: கோடுகள் சேரவே இல்லை, உதவுங்கள்

கொருக்குப்பேட்டை லேத்:
வணக்கம். கோப்பை கடைகிறேன். இடுப்பில் செல்டிக் முடிச்சு வளையம் (பின்னிய கோடுகள் போன்ற வேலைப்பாடு) வருவதற்காகக் கட்டையைச் சாய்த்து வெட்டி, நடுவில் வேறு மரத்தில் சீவிய மெல்லிய பட்டை வைத்து ஒட்டி, திருப்பி மறுபடி வெட்டி, இப்படி நாலு முறை செய்தேன். கடைந்து பார்த்தால் பட்டைகள் குறுக்கிடும் இடத்தில் எல்லாம் படி விழுந்திருக்கிறது. மூன்று கட்டை வீண். தங்கச்சி கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

பூவரசு:
என்ன மரம், என்ன பசை, எவ்வளவு சாய்வு? படம் இருக்கிறதா?

பெரம்பூர் தச்சன்:
ஈரம்தான், வேறொன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் கதவே நிலையில் இறுகிக்கொள்ளும். கடல்காற்றில் கிடந்த கட்டையை ஒரு மாதம் வீட்டுக்குள் வைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

உளிமுனை:
ஈரத்தால் ஒட்டு விரியும், வெடிக்கும். குறுக்கிடும் இடத்தில் மட்டும் சொல்லிவைத்தது போல் படி விழாது. இருபது வருடமாகக் கடைகிறேன், இந்தக் கேள்வி மாதம் ஒன்று வருகிறது, ஒருவரும் அளவு சொல்வதில்லை. தம்பி, வெட்டும்போது பிளேடு எவ்வளவு மரம் தின்கிறது, பட்டை எவ்வளவு கனம்? வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொருக்குப்பேட்டை லேத்:
பூவரசங்கட்டை, 75 மி.மீ. சதுரம். பட்டை ரப்பர் மரம், 3 மி.மீ. பிளேடு 2.4 தின்கிறது. சாய்வு 30 டிகிரி. முழுசாக அறுத்துவிட்டு நடுவில் பட்டை வைத்து எபாக்ஸியில் ஒட்டினேன்.

உளிமுனை:
அதுதான். பிளேடு தின்ற அளவைப் பட்டை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் 0.6 கூடக் கொடுக்கிறீர்கள். 30 டிகிரி சாய்வில் ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டை கிட்டத்தட்ட 0.7 மி.மீ. நீளும். முன்பு ஒட்டிய பட்டையின் இரண்டு பாதியும் விலகும், அடுத்த வெட்டின் நடுவும் தள்ளிப் போகும். இன்னொன்று, முழுசாக அறுக்காதீர்கள். அடியில் 3 மி.மீ. விட்டுவிடுங்கள். 68 மி.மீ. விட்டத்துக்குக் கடையும்போது அந்த மிச்சம் சீவலோடு போய்விடும், அதுவரை இரண்டு பாதியும் நகராது. திருப்பும்போது 90 டிகிரி, வெட்டும் இடம் மாறாமலிருக்க வைக்கும் தடுப்புக்கட்டையை எப்போதும் ஒரே முனைதான் தொட வேண்டும்.

சிக்குக்கோலம்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இதற்கு எதற்கு செல்டிக் என்று பேர்? எங்கள் வாசலில் தினமும் போடுவது இதுதானே.

பூவரசு:
இல்லை அக்கா. அயர்லாந்துக்காரர்கள் வரைந்த முடிச்சில் இழை ஒரு முறை மேலே போனால் அடுத்த முறை கீழே போகும், பாய் முடைவது போல. கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகிறது, குறுக்கே வெட்டுகிறது, அவ்வளவுதான்.

சிக்குக்கோலம்:
அப்படிப் பார்த்தால் கோப்பையிலும் மேலே கீழே மாறி வராதே! கடைசியில் வெட்டியது மற்ற மூன்றையும் அறுத்துக்கொண்டு மேலே போகும், முதலில் ஒட்டியது எல்லாவற்றுக்கும் கீழே. அப்போது இது கோலத்துக்குத்தான் கிட்டே வருகிறது.

பூவரசு:
கோலத்தில் மேல் கீழ் என்பதே இல்லையே. இது நாலு தனி வளையம், சிக்கு ஒரே இழையாகவும் ஓடும். இரண்டும் ஒன்றில்லை.

பெரம்பூர் தச்சன்:
பேர் எதுவானாலும் கட்டை காயாமல் வெட்டாதீர்கள். நான் சொன்னதில் மாற்றமில்லை.

கொருக்குப்பேட்டை லேத்:
பட்டையை உப்புத்தாளில் தேய்த்து 2.4க்குக் கொண்டுவந்தேன். வேப்பந்துண்டில் இரண்டு வெட்டு போட்டுப் பார்த்தேன், படி இல்லை. நல்ல கட்டையில் முதல் பட்டை ஒட்டிக் காய்கிறது. நன்றி அண்ணே.

உளிமுனை:
நாலும் முடிந்ததும் மையம் பார்த்து லேத்தில் ஏற்றுங்கள். மையம் விலகினால் ஒரு பக்கம் வளைவு பெரிதாகவும் எதிர்ப்பக்கம் சிறிதாகவும் வரும்.

சிக்குக்கோலம்:
தம்பி, கடைந்ததும் படம் போடுங்கள். கல்யாணம் என்றைக்கு?